செண்பகலட்சுமி சொன்ன மறைவெண்

"மேடம், அந்த எண்ணை மட்டும் சொல்லிடுங்க."

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது, செண்பகலட்சுமி உப்புமாவிலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த எண், சார்?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

பனிச்சம்பாறை மலையில் இருக்கிற வானாய்வுக் கூடத்தில் இது கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடு. ஆசிரியர் சீடரை 'சார்' என்பார். சீடர் ஆசிரியரை 'மேடம்' என்பார். சீடர் மாசிலாமணிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஆரணிப் பக்கம் ஒரு கல்லூரியில் காலமெல்லாம் இயற்பியல் நடத்திவிட்டு, நீண்ட விடுப்புப் போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆசிரியர் செண்பகலட்சுமி அவரைவிடப் பத்து வயது இளையவர். வாத்தியாராக இருந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு நா எழவில்லை.

மாசிலாமணி மலையேறியது ஒரே ஓர் எண்ணைத் தேடி.

பிரபஞ்சம் விரிகிறது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. எவ்வளவு வேகமாக விரிந்தது என்பதில்தான் சண்டை.

குவேசார் என்று ஒன்று உண்டு. தொலைநோக்கியில் பார்த்தால் நட்சத்திரப் புள்ளி மாதிரி இருக்கும். உண்மையில் அது எங்கோ கோடியில் எரிகிற ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி. இன்று நம்மை வந்து சேரும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது பூமியே கிடையாது.

அது வருகிற வழியெல்லாம் ஹைட்ரஜன் மேகங்கள். ஒவ்வொரு மேகமும் தனக்கு வேண்டிய ஒரே ஒரு நிறத்தை உறிஞ்சிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அந்த நிறம் போன இடத்தில் ஒளியில் ஒரு சின்ன இருட்டு விழும். அடுத்த மேகத்துக்குப் போவதற்குள் வெளி விரிந்து, ஒளியும் இழுபட்டு, அந்த இருட்டு தள்ளிப் போயிருக்கும். அடுத்த மேகம் அதே நிறத்தை உறிஞ்சிப் புதிதாக இன்னோர் இருட்டைப் போடும்.

கடைசியில் வந்து சேர்ந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நீளத் தாளில் வரைந்தால், காடு மாதிரி கருங்கோடுகள்.

அந்த மேகங்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி இருக்கும் என்று ஓர் இடைவெளி, பிரபஞ்சம் பிறந்த புதிதிலேயே விழுந்துவிட்டது. அது எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அந்தக் காட்டுக்குள் போய் அளந்தால், வெளி விரிந்த வேகம் கிடைத்துவிடும்.

வந்த வெளிச்சத்தை விட்டுவிட்டு, வராத வெளிச்சத்தை வைத்துக் கணக்கு. மாசிலாமணிக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பித்தாகிவிட்டது.

ஆனால் மலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கணக்குப் போடுகிறவர் விடையைப் பார்க்கக் கூடாது. கணிப்பொறி விடையோடு மறைவான ஓர் எண்ணைச் சேர்த்தோ கழித்தோதான் திரையில் காட்டும். இனி ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த மறைவெண்ணை நீக்குவார்கள். நீக்கியதும் வருகிற விடை எதுவானாலும் சரி, அப்போதே, அப்படியே, இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

இதற்குக் கண்கட்டு என்று பெயர்.

"எதுக்கு சார் அந்த எண் இப்போ?"

"லீவு முடியப்போகுது மேடம்."

"முடியட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயமா இருக்கு மேடம். உலகமே ஒத்துக்கிட்ட எண் ஒண்ணு இருக்கு. நானே பசங்களுக்கு போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். எனக்கு வேற ஏதாவது வந்து தொலைச்சா? பிரபஞ்சம் தப்புன்னா சொல்லுவாங்க?"

"மாட்டாங்க."

"வாத்தியார் தப்புன்னு சொல்லுவாங்க. இந்த வயசுல படிக்கப் போறானேன்னு ஏற்கனவே ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பு. கிளம்பறப்போ பிரின்சிபால் மாலை வேற போட்டு அனுப்பினார். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இறங்கிப் போறது?"

"எண் தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். நிம்மதியா வேலை பார்ப்பேன். அவ்வளவுதான்."

செண்பகலட்சுமி தட்டை நகர்த்தி வைத்தார். சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. வழக்கமான அறிவுரை வரப்போகிறது என்று மாசிலாமணி காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏழு," என்றார் ஆசிரியர்.

"என்ன மேடம்?"

"ஏழு கூட்டியிருக்கு. திரையில வர்றதுல ஏழைக் கழிச்சுக்கோங்க."

மாசிலாமணிக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அறைக்குப் போய்க் கழித்துப் பார்த்தார்.

உலகத்தின் எண்ணைவிடக் குறைந்திருந்தது. அதலபாதாளத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் குறைவுதான். எவன் பார்த்தாலும் குறைவு என்றுதான் சொல்வான்.

சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் பார்வை மேசைக்குக் கீழே இருந்த இரண்டு கூடைகளின் மேல் விழுந்தது.

அந்தக் கூடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில குவேசார்கள் தங்களைச் சுற்றித் தாங்களே வாயுவைக் கக்கிக்கொள்ளும். அந்த வாயுவும் ஒளியை உறிஞ்சிப் பொய்யான கருங்கோடுகளைப் போட்டுவிடும். இந்த மாதிரி ஒளிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மலையில் இவற்றைச் சீக்கு ஒளி என்பார்கள். பெரும்பாலானதைக் கணிப்பொறியே கண்டுபிடித்துவிடும். அதற்கும் தெரியாமல் அது விழிக்கிறவற்றை மட்டும் நீளத் தாளில் எடுத்து மனிதக் கண்ணால் பார்ப்பார்கள். நல்லது நீலக் கூடைக்கு. சீக்கு சிவப்புக் கூடைக்கு.

இந்த வேலையை மாசிலாமணி எப்போதோ முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற கீர்த்தனை எதையாவது முணுமுணுத்துக்கொண்டு, விடையை நினைக்காமல், தாள் தாளாகப் பார்த்து முடித்தது.

இப்போது நீலக் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் தாள் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு சரிவு. முன்பு இதைப் பார்த்ததாக நினைவில்லையே? சந்தேகம் என்று வந்துவிட்டால் சேர்க்கக் கூடாது. சிவப்புக் கூடையில் போட்டார்.

அடுத்ததில் கோடுகள் கொஞ்சம் மங்கல். அதுவும் சிவப்புக்கு.

எந்த மாதிரித் தாள் விடையைக் கீழே இழுக்கிறது என்று இத்தனை காலத்தில் அவர் கண்ணுக்குப் பழகியிருந்தது. அந்த மாதிரித் தாள்களில்தான் குறையும் தென்பட்டது. வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான்.

மனிதர் ஏமாற்றினார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. அத்தனையும் நல்ல காரணம். கேட்டால் சாக்பீஸ் எடுத்து எழுதியே காட்டியிருப்பார்.

சிவப்புக் கூடை நிறைய நிறைய விடை ஏறியது. ஒரு மத்தியானம் உலகத்தின் எண்ணைத் தொட்டு நின்றது.

மாசிலாமணி அதற்கு மேல் ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"சுகந்தி, முடிஞ்சிருச்சு. இறங்கி வந்துடுவேன்."

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் தூங்கினார்.

"சிவப்புக் கூடை கனமா இருக்கே, சார்," என்றார் மறுநாள் கூடைகளை வாங்கிப் பார்த்த ஆசிரியர்.

"கண்ணு தேறிடுச்சு மேடம். முன்னாடி கோட்டை விட்டதெல்லாம் இப்போ பளிச்சுன்னு தெரியுது."

"அப்படியா?"

செண்பகலட்சுமி சிவப்புக் கூடையில் இருந்த தாள்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். கூடைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ சார். உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

"என்ன மேடம்?"

"ஏழு கூட்டல. கழிச்சிருக்கு. நீங்கதான் ஏழைக் கூட்டிக்கணும்."

மாசிலாமணி நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டார். உலகத்தின் எண்ணைத் தொட்டு நின்ற விடை இப்போது அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

"நிச்சயமா மேடம்?"

"நிச்சயமா. எதுக்கும் எல்லாத்தையும் கலந்துட்டு, முதல்லேர்ந்து ஒரு தடவை பிரிச்சுக் கொண்டாந்துடுங்க."

அறைக்கு வந்து தாள்களைத் தரையில் கொட்டிக் கலந்தார்.

ஓரத்தில் சரிவு இருந்த தாள் முதலில் கையில் வந்தது. உற்றுப் பார்த்தார். சரிவா? கருவியின் சின்னக் கோளாறு. இதற்குப் போய் ஒரு நல்ல ஒளியைத் தூக்கி எறிவார்களா? நீலத்தில் போட்டார். கோடுகள் மங்கல் என்று தள்ளிய தாளில் இப்போது கோடுகள் போதுமான அளவு தெளிவாக இருந்தன. அதுவும் நீலத்துக்கு.

விடையை மேலே இழுக்கிற தாள்களில்தான் இப்போது ஏகப்பட்ட குறைகள். இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று அவருக்கே ஆச்சரியம்.

ஒரு பிற்பகல். சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து தாள்களின் மேல் படிந்தது. நெஞ்சில் ஒரு தாளோடு அப்படியே கண்ணயர்ந்தார்.

கனவில் அவர் ஒளியோடு கூட நடந்து வந்துகொண்டிருந்தார்.

கால் எதிலும் பாவவில்லை. அவசரமும் இல்லை. கல்யாண வீட்டுக்கு முதல் நாளே கிளம்பிவிட்டவர் மாதிரி மனம் லேசாக இருந்தது.

ஒரு மேகம் எதிர்ப்பட்டது. "என் நிறம்," என்றது. ஒளி கொடுத்தது. "போய் வா," என்று மேகம் வழிவிட்டது.

நடக்க நடக்கப் பாதை நீண்டது. திரும்பிப் பார்த்தால், கொடுத்துவிட்டு வந்த இடங்களெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருந்தன. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இன்னொரு மேகம். "என் நிறம்." இன்னொன்று. எந்த மேகமும் தன்னுடையதற்கு மேல் ஒரு துளி கேட்கவில்லை.

பிறகு வெகுதூரம் மேகமே இல்லை. ஒரு சின்ன நீலப் புள்ளி வந்தது. ஒரு மலை வந்தது. மலையில் ஒரு கட்டடம். கட்டடத்தில் ஒரு சன்னல்.

சன்னலுக்கு உள்ளே, நாற்காலியில், இன்னும் ஒரே ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது.

"உனக்கு என்ன நிறம் வேணும்?" என்று ஒளி கேட்டது.

மேகம் விரலை மடக்கி மடக்கி எண்ணியது.

"கொஞ்சம் பொறு. கணக்குப் பார்த்துச் சொல்றேன்."

மாசிலாமணி திடுக்கிட்டு விழித்தார். கனவில் பார்த்த மேகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. யார் என்று பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பிரிக்க உட்கார்ந்தார்.

விடை உலகத்தின் எண்ணைத் தொட்டதும் நிறுத்தினார்.

செண்பகலட்சுமி இம்முறை சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். கூடம் காலியாக இருந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் முதல் தடவை சிவப்புக் கூடையில் இருந்த தாள்களின் ஜெராக்ஸைப் பரப்பினார். எதிர்ப்பக்கம் இந்தத் தடவை சிவப்புக் கூடையில் வந்த தாள்களைப் பரப்பினார்.

தள்ளி நின்றுகொண்டார்.

மாசிலாமணி ஒரு பக்கமாக நடந்து போய், மறுபக்கமாகத் திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் இருந்த தாள் அபூர்வமாக ஒன்றோ இரண்டோதான்.

ஆசிரியர் ஜெராக்ஸில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது என்ன சார்?"

"சீக்கு. சரிவு இருக்குன்னு தள்ளினேன்."

"இந்தத் தடவை?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்குன்னு சேர்த்துட்டேன்."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார்.

"இது?"

"அப்போ நல்லா இருந்துச்சு. இப்போ..."

"இப்போ?"

மாசிலாமணி அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பூமி பொறக்கிறதுக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம் சார் இது. அத்தனை காலம், அத்தனை தூரம் வந்ததுல இதுக்கு ஒண்ணும் ஆகல. போன செவ்வாய்க்கிழமை மறுபடி உங்க ரூமுக்கு வந்த பிறகு என்ன ஆச்சு?"

மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காது மடல் வரை சூடேறியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ மாணவர்களை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் ஏமாத்தல, மேடம்."

"தெரியும் சார்."

"ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருந்துச்சு."

"அதுதான் சார் எனக்கும் பயம்."

வெளியே மேகம் விலகி வெயில் அடித்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"எல்லாம் போச்சு மேடம்," என்றார் மாசிலாமணி. அழுகையை அவரால் அடக்க முடியவில்லை. "எண்ணைத் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே எந்தத் தாளை எடுத்தாலும் தாள் தெரியாது, அந்த எண்தான் தெரியும். தெரிஞ்சதைத் தெரியாமப் பண்ண முடியுமா? வந்த வேலையே பாழாப் போச்சு."

"எந்த எண்ணைத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"ஏழு கழிச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சும்மா சொன்னது."

மாசிலாமணி நிமிர்ந்தார்.

"அப்போ, முதல்ல கூட்டியிருக்குன்னு சொன்னது?"

"அதுவும் சும்மாதான்."

"மேடம்!"

"மறைவெண் என்னன்னு எனக்குத் தெரியாது சார். மெஷினே குலுக்கிப் போட்டு எடுத்துப் பூட்டி வச்சிருக்கு. அதை மனுஷங்க யாரும் பார்த்ததில்லை."

"நீங்க ஆசிரியர். நீங்ககூடவா?"

"என்னையும் சேர்த்துத்தான் சார் கட்டினது."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டு அவிழவே இல்லை! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி அழுதார். வாய் கூசாமல் இரண்டு தடவை பொய் சொன்ன ஆசிரியரை, அதற்காகவே கை எடுத்துக் கும்பிட்ட சீடர் அந்த மலைக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"முதல் முதல்ல நான் பிரிச்சது மெஷின்ல இருக்கா மேடம்?"

"இருக்கு."

"அது ஒண்ணுதான் நான் எதையும் நினைக்காமப் பார்த்தது. அதையே வச்சுடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"இன்னொரு தடவை பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம் மேடம். எனக்கு என் மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு."

கையெழுத்துப் போட்டார். விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கையில், ஒரு காலை, கண்கட்டை அவிழ்க்க இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

அன்று மேகம் மலையை முழுக்க விழுங்கியிருந்தது. சன்னலுக்கு அப்பால் மரம் இல்லை, பாறை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. கட்டடம் மட்டும் வெள்ளையில் மிதப்பது போல் இருந்தது.

"அழுத்துங்க, சார்."

"நீங்க அழுத்துங்களேன்."

"உங்க எண். நீங்கதான் அழுத்தணும்."

அழுத்தினார்.

திரையில் இருந்த எண் ஒரு முறை மங்கி மறைந்தது. அது இருந்த இடத்தில் வேறோர் எண் வந்து நின்றது.

உலகத்தின் எண் அல்ல.

கிட்டத்தில்கூட இல்லை. பிழைக்கு எவ்வளவு இடம் விட்டாலும் ஒட்டாத தூரத்தில் இருந்தது.

மாசிலாமணிக்கு ஸ்டாஃப் ரூம் சிரிப்பு காதில் கேட்டது. கழுத்தில் பிரின்சிபால் போட்ட மாலைகூட உறுத்தியது. ஆனாலும் அந்த எண்ணிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. பூமிக்கு முந்திய வெளிச்சங்கள் எல்லாம் கூடி, கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருந்தன. அது அவருக்குப் பிடித்த பதில் இல்லை. அழகாக இருந்தது.

பக்கத்தில் செண்பகலட்சுமி மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவர் முன்னால் குனிந்து எண்ணைப் படித்தார். பின்னால் சாய்ந்தார். மறுபடி குனிந்து படித்தார். அந்த விடையில் அவர் பெயரும் இருக்கும். சிரிக்கிறவர்கள் ஆரணியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

"சார்," என்றார்.

"சொல்லுங்க மேடம்."

"அந்தச் சந்தேகத் தாள்களை மட்டும்..."

"ம்."

"சும்மா, ஒரே ஒரு தடவை, நாம ரெண்டு பேருமா உட்கார்ந்து பார்த்துட்டு அப்புறம் அனுப்பலாமா?"

சோதித்தாரா, நிஜமாகவே ஆசைப்பட்டாரா, எனக்குத் தெரியாது. குரல் நடுங்கியது, அவ்வளவுதான் தெரியும்.

மாசிலாமணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அனுப்பிட்டேன், மேடம்."